வாட்டர் பார்க்குக்கு ஒரு நாள்: எதை எடுத்துட்டுப் போறது, எதை விட்டுட்டுப் போறது?

பால்சொசைட்டிக்காரி, கொழிஞ்சாம்பாறை

எல்லாருக்கும் வணக்கமுங்க. பூஜை லீவுல ஒரு நாள் கொச்சி வொண்டர்லாவுக்குப் போறதுன்னு முடிவாயிருச்சு. மலம்புழா பார்க்கு இங்கதான இருக்கு, அங்க போயிட்டு சாயங்காலம் வீட்டுக்கு வந்து சோறு ஆக்கிக்கலாம்னு சொல்லிப் பார்த்தேன். பசங்க ரெண்டும் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிச்சுங்க. கொச்சின்னா கொச்சிதானாம்.

ஆள் கணக்கு சொல்லிடறேன். நான், வீட்டுக்காரர், ஆறாவது படிக்கற பொண்ணு, ஒண்ணாவது படிக்கற பையன், மாமியார். மாமியாருக்கு 66 வயசு, சர்க்கரைக்குக் காலையும் ராத்திரியும் ஊசி. அப்புறம் நாத்தனார், அவங்க வீட்டுக்காரர், அவங்களோட ஒன்றரை வயசுக் குழந்தை. எதுத்த வீட்டுக் காலேஜ் பசங்க ரெண்டு பேர். மொத்தம் பத்து. வேன் பேசியாச்சு. விடியக்காலம் அஞ்சு மணிக்குக் கிளம்பறோம்.

நான் பால் சொசைட்டில கணக்கு எழுதறவ. யாரு எத்தனை லிட்டர், கொழுப்பு எவ்வளவுன்னு எழுதி எழுதி, எதுக்கெடுத்தாலும் லிஸ்ட் போடற வியாதி வந்துருச்சு. பழைய பால் சீட்டோட பின்பக்கம் எழுதினதை அப்படியே போடறேன். இட்லி 40, புளிசோறு ஒரு தூக்கு, தயிர்சோறு ஒரு டப்பா, நேந்திரங்காய் சிப்ஸ், அஞ்சு லிட்டர் தண்ணி கேன் ரெண்டு, எல்லாருக்கும் மாத்துத் துணி ரெண்டு செட், துண்டு பத்து, சோப்பு, சீப்பு, பவுடர், தேங்காய் எண்ணெய், குடை நாலு, கோரைப்பாய் ஒண்ணு, மாமியாரோட ஊசி மருந்து, குழந்தைக்கு ராகிப் பொடி, ஃபிளாஸ்க்ல சுடுதண்ணி, டயப்பர், பவர் பேங்க், வீட்டுக்காரரோட கேமரா.

எழுதி முடிச்சுப் பார்த்தா மூணு பெரிய பை, ஒரு கட்டப்பை. வீட்டுக்காரர்கிட்டக் காட்டினேன். "வேன்லதான போறோம், எல்லாத்தையும் தூக்கிப் போடு"ன்னு சொல்லிட்டு டிவி பாக்கப் போயிட்டாரு.

போயிட்டு வந்தவங்க சொல்லுங்க. சாப்பாடு உள்ள விடுவாங்களா? தாலிக்கொடி போட்டுட்டுத் தண்ணில இறங்கலாமா, இல்ல வீட்லயே கழட்டி வெச்சுட்டுப் போகணுமா? கழட்டுன்னு சொன்னா மாமியார் வேனை விட்டே இறங்கிருவாங்க. ஊசி மருந்தை எங்க வெக்கறது? முக்கியமா, இந்த லிஸ்ட்ல எதாவது விட்டுப் போச்சா?

மீனாட்சிபுரத்தான்

அக்கா, உங்க லிஸ்ட்டைப் பார்த்தா வீடு மாத்தறாப்ல இருக்கு.

வெளிச் சாப்பாடு உள்ள விடமாட்டாங்க, அது நிச்சயம். தண்ணி விளையாட்டுக்கு நைலான் மாதிரித் துணிதான் போடணும். போன வருசம் நான் ஒரு பார்க்குக்கு ஜீன்ஸ் டவுசரோட போய் ஸ்லைடு வாசல்ல நின்னேன். அங்க இருந்தவர் ஒண்ணும் பேசல, கையால கடைப் பக்கம் காட்டினார். அவ்வளவுதான். அன்னிக்கு வாங்கின பூப்போட்ட டவுசர் இன்னும் வீட்ல இருக்கு, எங்கம்மா அதை வண்டி தொடைக்க எடுத்துட்டாங்க. நீங்க கோயமுத்தூர் போற அன்னிக்கு ரெடிமேட் கடைல முன்னாடியே வாங்கி வெச்சுருங்க. பசங்க பள்ளிக்கூட விளையாட்டு டிரஸ் பாலியஸ்டரா இருந்தா அதுவே போதும்.

வண்டிக்காரன் கேஎல் 70

நமக்கு வண்டி ஓட்டறதுதான் பொழப்புங்க. வேலந்தாவளம், கோபாலபுரம், கோவிந்தாபுரம்னு இந்தச் செக்போஸ்ட் ஓரத்து ஜனங்களை ஏத்திட்டுப் போறவன். இந்தப் பார்க்குக்கு வீகாலாந்துன்னு பேர் இருந்த காலத்துல கிளீனரா போக ஆரம்பிச்சேன். ஸ்டெபிலைசர் பண்ற வி-கார்டு முதலாளி 2000-ல ஆரம்பிச்சப்ப வெச்ச பேரு அது. பேர் மாறி எத்தனையோ வருசம் ஆச்சு. எங்க பக்கத்துப் பெரியவங்க இன்னும் "வீகாலாந்துக்கு வண்டி வருமா"ன்னுதான் கேப்பாங்க.

அம்மணி, உங்க லிஸ்ட்டை ரெண்டு தடவை படிச்சேன். எதுவும் விட்டுப் போகல. ஒண்ணே ஒண்ணு எழுதாம இருக்கீங்க. அந்த மூணு பையையும் உள்ள கொண்டு போனா, அதுங்க பக்கத்துல உக்காரப் போறது யாரு? அந்தப் பேரை மொதல்ல எழுதுங்க, அப்புறம் மத்ததைப் பேசலாம்.

நான் பெரும்பாலும் பார்க்கிங்ல சீட்டைச் சாய்ச்சுத் தூங்கறவன். பார்ட்டி டிக்கெட் எடுத்துக் குடுத்தா உள்ளயும் போவேன். அலையடிக்கற குளத்தோரம், நிழல் விழுற திண்டுல வரிசையா பாருங்க. குடும்பத்துக்கு ஒரு பொம்பளை உக்காந்திருக்கும். காலுக்கடில செருப்புக் குவியல். ரெண்டு பக்கமும் பை. மடில நாலு செல்போன். புருசங்காரன் ஈரத்தோட ஓடியாந்து "இதைப் புடி"ன்னு வாட்ச்சைக் குடுத்துட்டுப் போவான். மச்சினன் வந்து கண்ணாடியக் குடுப்பான். பசங்க வந்து தண்ணி குடிச்சுட்டுப் பாட்டில் மூடிய அந்தம்மா கைலயே குடுத்துட்டு ஓடும். டிக்கெட்டு அந்தம்மாவுக்கும் அதே காசுதானுங்க. சாயங்காலம் வண்டி ஏறும்போது எல்லாருக்கும் தலை ஈரம், அந்தம்மாவுக்கு மட்டும் காலைல வெச்ச பூ வாடாம அப்படியே இருக்கும்.

அதனால நான் பார்ட்டிக்குச் சொல்றது இதுதான். எத்தனை பை ஆகும்னு யோசிக்காதீங்க, ஒரு லாக்கர்ல என்ன அடங்கும்னு யோசிங்க. உள்ள போற பத்துப் பேருக்கும் ஒரே லாக்கர், அதுல அடங்கறது மட்டும் உள்ள போகட்டும். மத்ததெல்லாம் வண்டில, இல்லைன்னா வீட்ல.

துணி விசயம் தம்பி சொன்னது சரி. ஏன்னு தெரிஞ்சுக்கிட்டா எடுத்து வெக்கறது சுலபம். காட்டன் தண்ணியக் குடிச்சு கனமாகும், வழுக்காது, நூலும் சாயமும் தண்ணி சுத்தம் பண்ற ஃபில்டர்ல போய் அடைக்கும். ஜிப், இரும்புப் பட்டன் இருந்தா ஸ்லைடைக் கீறும், பின்னால வர்றவன் முதுகையும் கீறும். அதனால நாடா வெச்ச டவுசர், மொழுக்குன்னு இருக்கற பனியன். கிளம்பறப்பவே உள்ளுக்குள்ள போட்டுட்டு, மேல சாதாரணத் துணி போட்டுக்கங்க. உடுப்பு மாத்தற இடத்துல வரிசை நிக்கற நேரம் மிச்சம். மாத்துத் துணி ரெண்டு செட் எதுக்குங்க? ஒண்ணு போதும், அதுவும் வண்டில இருக்கட்டும். உள்ள கொண்டு போனா அதுவும் நனையும். இது ஒவ்வொரு ட்ரிப்பும் நான் பாக்கறது.

துண்டுன்னா அந்த மொந்தையான டர்க்கி டவல் வேண்டாம். நம்ம ஊர் மெல்லிசுத் துண்டு, தோர்த்து எடுங்க. பிழிஞ்சு ரெண்டு உதறு உதறினா காஞ்சுரும், டவல்ல பாதிக் கனம்கூட வராது. ஈரத்துணி கொண்டு வர்றதுக்கு நீங்க கடையில ஒண்ணும் வாங்க வேண்டாம். சொசைட்டில வேலைன்னு சொல்றீங்க, மாட்டுத்தீவனச் சாக்குக்கா பஞ்சம்? ரெண்டு சாக்கு, உள்பக்கம் வெளிய திருப்பி, சோப்புத் தண்ணில ஊற வெச்சு, வெயில்ல ஒரு நாள் போடுங்க. திருப்பாமக் கழுவினா தையல் ஓரத்துல தவிடு நிக்கும், வீட்டுக்கு வரும்போது துணியெல்லாம் புண்ணாக்கு வாசம். அனுபவம்தானுங்க.

சாப்பாடு. இட்லியும் புளிசோறும் கொண்டாங்க, ஆனா காலைலயே வண்டில வெச்சுத் தீத்துருங்க. வடக்கஞ்சேரி போய் பெரிய ரோடு ஏறி, குதிரான் தாண்டி, எங்கயாவது நிழல்ல ஓரங்கட்டச் சொல்லுங்க. உள்ள போனா வரிசை, அப்புறம் ஆட்டம், மத்தியானச் சாப்பாடு ரெண்டு மணி ஆயிரும், அதனால வயிறு நிறைய சாப்பிட்டுட்டு இறங்கணும். தயிர்சோறு வேண்டாம். மூடின வண்டி வெயில்ல நின்னா உள்ள அடுப்பு மாதிரி, சாயங்காலம் டப்பாவத் திறந்தா வேனே நாறும். புளிசோறுல ஒரு பங்கு மட்டும் எடுத்து வெச்சா திரும்பி வரும்போது ஆறு மணிப் பசிக்கு ஆகும். பார்க்குல இருந்து ஒரு ஆட்டம் ஆடிட்டு வர்ற பசங்க வண்டி ஏறின உடனே "பசிக்குது"ம்பாங்க, அங்கமாலி வரைக்கும் தாங்காது.

வாந்தி எடுக்கற ஆள் யாராவது உண்டா? முன்ன குதிரான் மலை ஏறி இறங்கணும், குண்டும் குழியும் லாரியும். பாதிப் பசங்க அங்கயே கக்கிரும், நான் வாளி வெச்சுருப்பேன். 2021 ஜூலை 31-ம் தேதி சுரங்கம் திறந்தாங்க, ஒரு கிலோமீட்டர் வருமோ வராதோ, கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள அந்தப் பக்கம். அதுக்கப்புறம் வாளிக்கு வேலை கொறைஞ்சுருச்சு. ஆனாலும் உப்பு நார்த்தங்காய் ஒரு துண்டு கன்னத்துல அடக்கிக்கச் சொல்லுங்க, முன் சீட்டுல உக்கார வைங்க.

நகை விசயத்துல மட்டும் நான் கொஞ்சம் கண்டிப்பு. ஒரு தடவை, எந்தப் பார்க்குன்னு சொல்லல, எங்க பக்கத்துப் பொண்ணு ஒண்ணு கால்ல வெள்ளிக் கொலுசோட அலைக்குளத்துல இறங்குச்சு. ஒத்தைக் காலோட வந்துச்சு, அதாவது ஒத்தைக் கொலுசோட. அத்தனை ஜனம் கால் வெக்கற தண்ணில எங்கன்னு தேடறது? வீட்டுக்கு வர்ற வரைக்கும் அந்தப் பொண்ணு பேசல. தண்ணில ரொம்ப நேரம் இருந்தா விரல் குளிர்ந்து சுருங்கும், வீட்ல சோப்புப் போட்டாலும் கழலாத மோதிரம் அங்க தானா கழலும். கொலுசு, மோதிரம், தொங்கற கம்மல் எல்லாம் வீட்ல. தாலிக்கு எங்க வீட்ல பண்றது, கொடியப் பெட்டில வெச்சுட்டு, தாலிய மஞ்சக் கயித்துல கோத்துக் கட்டிக்கறது. கழட்டுன பேச்சே வராது. கயிறு நனைஞ்சா ஒண்ணும் ஆகாது. மாமியாருக்கும் அப்படியே சொல்லிப் பாருங்க. நகையை வண்டில வெக்கச் சொல்லிக் கேக்காதீங்க. எந்த டிரைவரும் அந்தப் பொறுப்பை ஏத்துக்க மாட்டான், ஏத்துக்கறவன்கிட்டக் குடுக்கவும் கூடாது.

இன்னொண்ணு, இது கைல கொண்டு போற சாமான் இல்ல. பசங்களை நாளைக்கே செவுத்துல நிக்க வெச்சு அளந்துருங்க, செருப்பு இல்லாம. அங்க பசங்க டிக்கெட்டுக்கு வயசு கேக்கறதில்ல, உயரம்தான். 85 சென்டிமீட்டருக்குக் கீழ இருந்தா டிக்கெட் இல்ல, 140 வரைக்கும் குழந்தை டிக்கெட். பெரிய ராட்டினங்கள்ல பலதுல ஏறணும்னாலும் 140 வேணும். உங்க பொண்ணு 138-ல நின்னா, அதை வீட்லயே சொல்லிருங்க. வாசல்ல போய் அளவுகோல்கிட்ட நின்னு அழுதா அந்த நாளே போச்சு.

தண்ணி புகாத செல்போன் பை வாங்கினா நேரா தண்ணிக்குக் கொண்டு போகாதீங்க. உள்ள ஒரு டிஷ்யூ பேப்பரை மடிச்சு வெச்சு, பூட்டி, வாளித் தண்ணில அரை மணி நேரம் ஒரு கல்லு வெச்சு அமுக்கி வைங்க. பேப்பர் மூலைல துளி ஈரம் பட்டாலும் கடைக்காரன்கிட்டயே திருப்பிக் குடுத்துருங்க. ஒரு குடும்பத்துக்கு ஒரு போன் உள்ள போதும். கேமரா வீட்ல. இதை உங்க வீட்டுக்காரர்கிட்ட நான் சொன்னதாவே சொல்லுங்க.

குடை நாலு வேண்டாம், ஒண்ணு. துலாம் மாசம், அதாவது ஐப்பசி, மத்தியானத்துக்கு மேல இடி மின்னல் வரும். இடி இடிச்சா ராட்டினத்தை நிறுத்திருவாங்க, தண்ணில இருந்து ஏறச் சொல்லுவாங்க. அதனால உயரமான ராட்டினமெல்லாம் காலைலயே ஏறிருங்க. பாய் எதுக்குன்னு எனக்குப் புரியல. அங்க போயுமா தூங்கணும்?

வெள்ளைக்கோட்டு, வாளையாறு

நான் திருச்சூர்ல ஒரு ஆஸ்பத்திரில நர்ஸ். வண்டிக்கார அண்ணன் எல்லாம் சொல்லிட்டார், மாமியார் விசயத்தை மட்டும் நான் சொல்றேன்.

இன்சுலினை வேன்ல விட்டுட்டுப் போகாதீங்க. மூடின வண்டிக்குள்ள வெயில்ல 50 டிகிரி சாதாரணமா தாண்டிரும், மருந்து வீணாயிரும், பார்க்கறதுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. உபயோகத்துல இருக்கற பேனாவோ குப்பியோ 30 டிகிரிக்குள்ள இருந்தா பொதுவா நாலு வாரம் தாங்கும், உங்க மருந்துச் சீட்டுலயும் பாத்துக்கங்க. அன்னிக்கு ராத்திரி ஊசிக்கு மட்டும் வேணுங்கறதை வாய் அகலமான ஃபிளாஸ்க்ல போடுங்க. ஃபிளாஸ்க்குக்குள்ள ஜில்லுத் தண்ணில நனைச்ச துணி போதும். ஐஸ் கட்டியோட நேரடியா வெக்காதீங்க, உறைஞ்சாலும் மருந்து போச்சு. அந்த ஃபிளாஸ்க் லாக்கர்ல. குழந்தைக்கான சுடுதண்ணிக்கு வேற ஃபிளாஸ்க்.

நாள் முழுக்க நடப்பாங்க, சாப்பாடு தள்ளிப் போகும். சர்க்கரை இறங்கினா கை நடுங்கும், வேர்க்கும், காரணமில்லாம எரிஞ்சு விழுவாங்க. மாமியார் எரிஞ்சு விழறது எப்பவும் உள்ளதுதான்னு விட்டுராதீங்க அக்கா. மூணு டீஸ்பூன் சர்க்கரை, அதாவது 15 கிராம், உடனே குடுங்க. 15 நிமிசம் கழிச்சு சர்க்கரை பாக்கற மிஷின்ல மறுபடி பாருங்க. குளுக்கோஸ் பாக்கெட் ஒண்ணு உங்க இடுப்புப் பையிலயே இருக்கணும், லாக்கர்ல இல்ல. நோயாளிக்கும் கைக்குழந்தைக்கும் வேண்டிய உணவு பத்தி மட்டும் முன்னாடியே பார்க்குக்கு போன் பண்ணிக் கேட்டுருங்க.

லிஸ்ட்ல இல்லாதது ஒண்ணு இருக்கு. மாமியாருக்குப் பின்னால வார் வெச்ச ரப்பர் செருப்பு. தண்ணி விளையாட்டுப் பக்கம் எல்லாரும் வெறுங்கால்ல நடப்பாங்க. ரொம்ப நாள் சர்க்கரை உள்ளவங்களுக்குக் காலுல உணர்ச்சி கொறைஞ்சிருக்கும். மத்தியான வெயில்ல காஞ்ச சிமெண்ட் தரைல நீங்க குதிப்பீங்க, அவங்க நிதானமா நடந்து வருவாங்க. சுட்டதே தெரியாது. ராத்திரி உள்ளங்கால்ல கொப்புளம் பார்க்கும்போதுதான் தெரியும். அந்தக் கொப்புளம் புண்ணாகி வார்டுக்கு வர்றவங்களை நான் பாத்துட்டே இருக்கேன். வீட்டுக்கு வந்ததும் ரெண்டு பாதத்தையும் விளக்கு வெச்சுப் பாருங்க.

நாத்தனார்கிட்ட ஒண்ணு சொல்லுங்க. சாதாரண டயப்பரோட குழந்தையத் தண்ணில இறக்கினா அது குளத்துத் தண்ணியெல்லாம் குடிச்சு பூசணிக்கா ஆயிரும். நீச்சலுக்குன்னே தனி டயப்பர் இருக்கு, ரெண்டு வாங்கினா போதும்.

உங்க கூட வர்ற காலேஜ் பசங்க யாராவது கண்ணுக்குள்ள லென்ஸ் போடறவங்களா? அன்னிக்கு வேண்டாம், பழைய கண்ணாடி போட்டு வரச் சொல்லுங்க. லென்ஸோட குளத்துத் தண்ணில முங்கினா கண்ணுல வர்ற நோய்க்கிருமி ஒண்ணு இருக்கு, அதைப் பத்தி இங்க எழுதினா யாரும் தண்ணில இறங்கமாட்டீங்க.

உடம்புல தண்ணி வத்தாம இருக்க ஓஆர்எஸ் வாங்கினா பொடிப் பாக்கெட் வாங்குங்க, ஒரு லிட்டர்னு போட்டிருந்தா முழு லிட்டர்லயே கலக்குங்க, அரை டம்ளர்ல அரைப் பாக்கெட் வேண்டாம். டப்பால வர்ற இனிப்புத் தண்ணி எதையும் ஓஆர்எஸ்னு நெனச்சு வாங்காதீங்க.

பால்சொசைட்டிக்காரி, கொழிஞ்சாம்பாறை

எல்லாருக்கும் நன்றிங்க. சிஸ்டர், செருப்பு விசயம் எனக்குத் தோணவே இல்ல. இன்னிக்கே வாங்கிட்டேன். மாமியார் போட்டுப் பார்த்துட்டு "பள்ளிக்கூடப் பையன் மாதிரி இருக்குது"ன்னாங்க, ஆனா கழட்டல, வாசல்ல மாடு கட்டப் போனாங்க அதோட.

வண்டிக்கார அண்ணா, நீங்க எழுதினதை சொசைட்டில உக்காந்து படிச்சேன். பால் ஊத்த வந்தவங்க ரெண்டு பேர் காத்துட்டு நின்னாங்க, நான் கவனிக்கல. அந்தத் திண்டுல உக்காந்திருந்தது நான்தாண்ணா. மூணு வருசத்துக்கு முன்ன வேற ஒரு பார்க்குக்குப் போனோம். பதினொரு மணிக்கு உக்காந்தவ நாலு மணிக்கு எந்திரிச்சேன். நடுவுல வீட்டுக்காரர் ஐஸ்கிரீம் வாங்கிக் குடுத்தாரு, குத்தம் சொல்லக்கூடாது. யாரும் என்னை உக்காருன்னு சொல்லவும் இல்ல. பை இருந்துச்சு, அதனால உக்காந்தேன். வீட்டுக்கு வந்து எண்ணிப் பார்த்தா, கொண்டு போன 31 சாமான்ல வெளிய எடுத்தது ஒன்பதோ பத்தோதான்.

பாய் யாருக்குன்னு கேட்டீங்க. எனக்குத்தான். திண்டுல இடம் கிடைக்கலைன்னா உக்காரறதுக்கு.

லிஸ்ட்டைக் கிழிச்சுட்டேன். வேற சீட்டுல எழுதறேன். பொண்ணு 137. சொல்லியாச்சு, அழுது முடிச்சாச்சு. இப்ப ஒரு வாரமா தினமும் காலைல கொய்யா மரத்துக் கிளையப் புடிச்சுத் தொங்கறா.

ஒரு சந்தேகம். எனக்குக் கண்ணாடி இல்லாம ரெண்டடிக்கு அந்தப் பக்கம் எல்லாம் புகை மாதிரி. கண்ணாடியக் கழட்டிட்டு எப்படி ஏறறது?

வண்டிக்காரன் கேஎல் 70

கண்ணாடிக்கு ஒரு எலாஸ்டிக் நாடாவப் பின்னால கட்டிக்கங்க. தையல் மிஷின் வெச்சிருக்கறவங்க வீட்ல ஒரு முழம் வாங்கினா போதும். கழட்டச் சொல்ற ஸ்லைடுல பொண்ணு கைல குடுத்துட்டு ஏறுங்க. அவ உயரம் பத்தாம கீழதான நிப்பா. மேல போனதுக்கப்புறம் கண்ணு தெரியாம இருக்கறதும் ஒரு வகைல நல்லதுதான் அம்மணி. எவ்வளவு உயரம்னு தெரியாது.

போற முன்னாடி தலைக்கு எண்ணெய் வெக்காதீங்க. தண்ணில இறங்கறதுக்கு முன்ன நல்ல தண்ணில தலைய நனைச்சுக்கங்க, முடி அப்புறம் குளத்துல இருக்கற குளோரின் மருந்துத் தண்ணிய அவ்வளவா இழுக்காது.

பால்சொசைட்டிக்காரி, கொழிஞ்சாம்பாறை

போயிட்டு வந்துட்டோம். ராத்திரி பதினொன்றரை ஆச்சு. ரெண்டு நாள் கழிச்சுத்தான் எழுத முடியுது, தோள் ரெண்டும் கழண்டு போனாப்ல வலி.

உள்ள கொண்டு போனது ஒரு கட்டப்பை, அவ்வளவுதான். தோர்த்து அஞ்சு, ஊசி மருந்து ஃபிளாஸ்க், மிஷின், குழந்தை சாமான், ஒரு குடை, ஜிப் வெச்ச கவர்ல ஐநூறு ரூவா நோட்டு நாலு. வீட்டுக்காரர் கேமராவ எடுத்துட்டுதான் வந்தாரு. நான் ஒண்ணும் சொல்லல. லாக்கரைப் பூட்டறப்ப எல்லாரும் சாமானை உள்ள வெச்சுட்டுப் போயிட்டாங்க, அவரு மட்டும் கேமராவக் கைல வெச்சுட்டு என்னைப் பார்த்தாரு. நான் எலாஸ்டிக் நாடாவ மாட்டிட்டு நடந்துட்டேன். கொஞ்ச நேரம் கழிச்சுத் திரும்பிப் பார்த்தேன், லாக்கர்கிட்டத் திரும்பிப் போயிட்டு இருந்தாரு.

ஸ்லைடுல ஏழு தடவை இறங்கினேன். முதல் தடவை மேல நின்னப்ப, கண்ணாடி இல்லாததால கீழ நீலமா ஏதோ அசையுதுன்னு மட்டும் தெரிஞ்சுது. அண்ணன் சொன்னது சரிதான். இறங்கறப்ப நான் போட்ட சத்தத்துக்கு என் பொண்ணு கீழ நின்னு அது யாரோன்னு நெனச்சாளாம்.

மாமியார் பாலியஸ்டர் சுடிதார் போட்டு அலைக்குளத்துல முழங்கால் தண்ணில நின்னாங்க, அந்தச் செருப்போட இறங்கவிடல, கரையோரம் கழட்டி வெச்சுட்டு இறங்கினாங்க. ஏறினதும் நாந்தான் ஓடிப் போய் மாட்டி விட்டேன். பாதம் ரெண்டும் ராத்திரி டார்ச் அடிச்சுப் பார்த்தேன் சிஸ்டர், ஒரு கீறல் இல்ல. ஒரு மணிக்குக் கொஞ்சம் படபடப்புன்னாங்க, மிஷின்ல 68 காட்டுச்சு. குளுக்கோஸ் இடுப்புலயே இருந்துச்சு.

ரெண்டரை மணிக்கு இடி. அரை மணி நேரம் எல்லாம் நிறுத்திட்டாங்க. பெரிய ராட்டினம் காலைலயே முடிச்சுட்டதால காலேஜ் பசங்க ரெண்டு பேரும் வண்டிக்கார அண்ணனுக்கு ஒரு டீ வாங்கித் தரணும்னு சொல்லிட்டு இருக்காங்க.

சாக்கைத் திருப்பித்தான் கழுவினேன். அப்படியும் வீட்டுக்காரர் பனியன்ல லேசா புண்ணாக்கு வாசம் வருது. ஒரே சோப்புல ரெண்டு சாக்கும் கழுவினதால இருக்கும்.

இப்ப ஒரு சிக்கல். வண்டில பாதி தூரம் வந்தப்புறம் மாமியார் கையைத் தூக்கி, "இந்த வளையல் எவ்வளவு ரூவா கண்ணு?"ன்னு கேக்கறாங்க. லாக்கர் சாவி. கைல மாட்டற மாதிரி வார் இருந்துச்சா, பத்திரமா இருக்கட்டும்னு நான்தான் காலைல அவங்க கைல மாட்டிவிட்டேன். லாக்கரைக் காலி பண்ணிட்டு, திறந்தபடியே விட்டுட்டு, சாவியத் திருப்பிக் குடுக்காமலே வந்துருக்கோம். கூரியர்ல அனுப்பினா போய்ச் சேருமா?

வண்டிக்காரன் கேஎல் 70

அடுத்த சனிக்கிழமை எருத்தேம்பதியில இருந்து ஒரு கல்யாண வீட்டுப் பார்ட்டி அங்கதான் போகுது. சாவிய ஒரு கவர்ல போட்டு சொசைட்டில குடுத்து வைங்க, காலைல நாலரைக்கு வண்டி அந்த வழியாத்தான் வரும், வாங்கிக்கறேன். முன்னாடியே ஒரு போன் போட்டுச் சொல்லிருங்க அவங்ககிட்ட.

அந்தச் சாக்கு மிச்சம் இருந்தா அதையும் ரெண்டு குடுங்க. இந்தப் பார்ட்டி 16 பேரு.

பால்சொசைட்டிக்காரி, கொழிஞ்சாம்பாறை

போன் போட்டுட்டேண்ணா, சனிக்கிழமை வரும்னு சொல்லியாச்சு. சாக்கு மூணு வெச்சிருக்கேன். தையலோரம் பிரஷ் போட்டுத் தேய்ச்சது.